முரணும் எழிலும்: போடோனி அச்செழுத்து – ஒரு திறனாய்வு

எழுத்து என்பது ஒலிக்கு இடப்பட்ட உருவம். அவ்வுருவம் கையால் வரையப்படும்போது எழுதுவோரின் இயல்பைக் காட்டுகிறது. ஈயத்தில் வார்க்கப்படும்போது ஒரு காலத்தின் இயல்பைக் காட்டுகிறது. கவிதையை ஆராய்வோர் அதன் சொல்லையும் பொருளையும் யாப்பையும் அணியையும் ஆராய்வர். அக்கவிதை எத்தகைய அச்செழுத்தில் பதிக்கப்பெற்றது என்று கேட்போர் அரியர். ஆயினும், ஏட்டைத் திறந்ததும் கண் முதலில் காண்பது சொல்லை அன்று, எழுத்தின் உருவத்தையே. பாடலின் சுவைக்குப் பாடுவோரின் குரல் எத்துணை இன்றியமையாததோ, நூலின் சுவைக்கு அச்செழுத்தும் அத்துணை இன்றியமையாதது. ஆகவே, அச்செழுத்தும் திறனாய்வுக்குரிய கலைப்பொருளே ஆகும்.

உரோமன் அச்செழுத்து வகைகளுள் பெரும் புகழும் பெரும் பழியும் ஒருங்கே பெற்றது போடோனி. தடித்த கோடும் நூலிழை போன்ற மெல்லிய கோடும் ஓரெழுத்திலேயே எதிரெதிர் நிற்கும் அமைப்பு அதன் தனி அடையாளம். அதனை அச்சுக்கலையின் சிகரம் என்று போற்றினோர் உண்டு. கண்ணுக்கு இழைத்த கொடுமை என்று தூற்றினோரும் உண்டு. இவ்விரு தீர்ப்புகளும் ஒரே எழுத்தைப் பற்றியவை என்பதே வியப்புக்குரியது. அவற்றுள் எது சரி, எவ்விடத்தில் சரி என்பது ஆராயத்தக்கது.

பார்மா நகரின் கலைஞர்

ஜாம்பத்திஸ்தா போடோனி 1740ஆம் ஆண்டில், இத்தாலியின் வடமேற்கே பீட்மாண்டுப் பகுதியைச் சேர்ந்த சலுத்சோ என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையாரும் அச்சுத் தொழிலரே. 1758இல் இளைஞர் போடோனி உரோம் நகருக்குச் சென்று, கத்தோலிக்கத் திருச்சபையின் சமயப்பரப்பு மன்றத்துக்குரிய அச்சுக்கூடத்தில் சேர்ந்தார். உலகின் பல திசைகளிலும் பணிபுரிந்த குருமார்களுக்காகக் கீழ்த்திசை மொழிகளில் நூல்களைப் பதித்த இடம் அது. பல்வேறு மொழிகளின் எழுத்துருவங்களைக் கையால் தொட்டுப் பழகும் பேறு அங்கே அவருக்கு வாய்த்தது. 1768இல் பார்மா நாட்டின் கோமகன் பெர்டினாந்து அவரை அழைத்து, அரச அச்சுக்கூடத்தின் பொறுப்பை ஒப்படைத்தார். 1813ஆம் ஆண்டில் மறையும்வரை பார்மாவே போடோனியின் ஊராயிற்று.

தொடக்கத்தில் அவருக்கெனத் தனிநடை இல்லை. பாரிசு நகரத்துக் கலைஞர் பூர்னியேயின் அச்செழுத்துகளையே பார்மாவுக்கு வரவழைத்துப் பயன்படுத்தினார். பின்னர் அவற்றைப் பின்பற்றித் தாமே எழுத்துகளைச் செதுக்கினார். 1771இல் அவர் வெளியிட்ட மாதிரி ஏட்டில் பூர்னியேயின் சாயலே மேலோங்கி நின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அணிகள் குறைந்தன, ஓரப்பூக்கள் உதிர்ந்தன, ஏட்டில் வெண்ணிலம் விரிந்தது, எழுத்து மட்டுமே அழகாக நின்றது. முன்னோரைப் பின்பற்றத் தொடங்கி, பிறகு தம் குரலைக் கண்டுகொள்ளும் பெருங்கவிஞரின் வளர்ச்சியோடு இதனை ஒப்பிடலாம்.

அவருடைய புகழ் கடல் கடந்தது. தாமும் ஓர் அச்சுத் தொழிலராக வாழ்வைத் தொடங்கிய அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1787இல் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். 1806இல் இயேசுபிரான் கற்பித்த செபத்தை 155 மொழிகளில் ஒரே நூலாகப் பதித்தார் போடோனி. 1808இல் ஓமரின் இலியத்துக் காப்பியத்தைக் கிரேக்க மொழியில் மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டு நெப்போலியனுக்குக் காணிக்கையாக்கினார். அவர் வாழ்நாள் உழைப்பின் தொகுப்பான 'அச்சுக்கலைக் கையேடு' 1788இல் முதன்முறையாக வெளிவந்தது. விரிவாக்கப்பெற்ற பதிப்பு, அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், 1818இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதனை முடித்து உலகுக்கு அளித்தவர் அவருடைய மனைவியார் மார்கெரிதா. கணவரின் கலைக்கு அவ்வம்மையார் எழுப்பிய நினைவுச்சின்னம் கல்லால் ஆகாமல் எழுத்தால் ஆயிற்று.

அக்கையேட்டின் முன்னுரையில் அச்செழுத்தின் அழகு நான்கு பண்புகளில் அடங்கும் என்கிறார் போடோனி. ஒழுங்கு, தூய்மை, நற்சுவை, நயம் என்பன அவை. முதல் மூன்றும் உழைப்பாலும் பயிற்சியாலும் வருவன. நான்காவதோ கற்பிக்க இயலாதது. அவருடைய எழுத்தை அவர் வகுத்த இந்த உரைகல்லிலேயே உரைத்துப் பார்த்தல் தகும்.

காலம் கனிந்த முறை

எந்தக் கலைவடிவமும் தனிமனிதரின் கற்பனையில் மட்டும் பிறப்பதில்லை. கருவியும் பொருளும் அதற்குத் துணை நிற்க வேண்டும். பழைய உரோமன் அச்செழுத்து, அகன்ற முனையுடைய இறகுப் பேனாவின் வழியில் வந்தது. அப்பேனாவைச் சற்றே சாய்த்துப் பிடித்து எழுதும்போது தடிப்பும் மெலிவும் படிப்படியாக மாறும். எழுத்தின் அச்சும் சிறிது சாய்ந்து நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் கூரிய முனையுடைய பேனா பெருவழக்காயிற்று. செப்புத் தகட்டில் எழுத்தைக் கீறும் கலையும் ஓங்கியது. இவற்றில் அழுத்தினால் கோடு தடிக்கும். அழுத்தத்தை விட்டால் மயிரிழையாகும். மாற்றம் படிப்படியாக நிகழாமல் திடுமென நிகழும். போடோனியின் தடிப்பும் மெலிவும் இந்த மரபின் வழி வந்தவை.

ஆயினும், மயிரிழை போன்ற கோட்டை ஈயத்தில் வார்ப்பது எளிதன்று. வார்த்ததைத் தாளில் பதிப்பது அதனினும் அரிது. வரிவரியான மேடுபள்ளம் உடைய பழைய தாளில் மெல்லிய கோடு முறியும். நீர்த்த மையில் பரந்து தடிக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த ஜான் பாஸ்கர்வில் இத்தடைகளை நீக்க முற்பட்டார். 1757இல் அவர் வெளியிட்ட வர்ஜிலின் கவிதைத் தொகுதியில் வழவழப்பான புதுவகைத் தாள் இடம்பெற்றது. மையையும் அவர் செம்மைப்படுத்தினார்; அச்சிட்ட தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கிடையே அழுத்தி மெருகேற்றினார். பாஸ்கர்வில் திறந்த வாயிலின் வழியே போடோனி நுழைந்தார். அதே காலத்தில் பாரிசில் தீதோ குடும்பத்தினரும் அவ்வழியே சென்றனர். பிர்மேன் தீதோ செதுக்கிய எழுத்து போடோனியின் எழுத்துக்கு உடன்பிறப்பு எனலாம். தீதோவின் எழுத்தில் கண்டிப்பு மிகுதி. போடோனியின் எழுத்தில் அக்கண்டிப்பின் நடுவே சிறிது கனிவும் உண்டு.

உருவ இயல்பு

செய்யுளில் சொல்லும் பொருளும் ஒன்றற்கொன்று மாறுபட்டு நிற்குமாறு தொடுப்பதை முரண்தொடை என்பது தமிழ் யாப்பு மரபு. இருளும் ஒளியும், நிலமும் நீரும் அடுத்தடுத்து நிற்கும்போது இரண்டும் துலக்கம் பெறுகின்றன. போடோனியின் எழுத்து, கண்ணுக்கு அமைந்த முரண்தொடை ஆகும். அதன் நெடுங்கோடுகள் கோயில் தூண்களைப் போல் தடித்து நேரே நிற்கின்றன. அவற்றை இணைக்கும் குறுக்குக்கோடுகளோ யாழின் நரம்பைப் போல் மெலிந்துள்ளன. கோடுகளின் முனையில் இடப்படும் சிறு குறுக்குக் கீற்றைச் 'செரிப்' என்பர். பழைய எழுத்துகளில் இது தண்டோடு வளைந்து இணைந்து, மரத்தின் வேர்ப்பகுதிபோல் அகன்றிருக்கும். போடோனியில் அது தட்டையான மெல்லிய இழையாகத் தண்டைச் செங்குத்தாகச் சந்திக்கிறது. வளைவுகளின் முடிவில் வட்டமான துளிகள் தொங்குகின்றன. எழுத்தின் அச்சு சாய்வின்றி நிமிர்ந்து நிற்கிறது.

இவ்வமைப்பில் நாடகப் பண்பு உண்டு. மேடையில் ஒளியும் நிழலும் கூர்மையாகப் பிரியும்போது நடிகரின் முகம் உணர்ச்சி பொங்கித் தோன்றுவதைப் போல, ஏட்டின் வெண்மையும் மையின் கருமையும் இங்கே கூர்மையாகப் பிரிந்து நிற்கின்றன. ஆயினும் இந்நாடகம் ஆரவார நாடகம் அன்று. வளைவுகளில் அடக்கம் உண்டு; அளவுகளில் கணக்கு உண்டு. ஓர் எழுத்தின் உறுப்பு மற்றோர் எழுத்திலும் மாறாமல் வருகிறது. முரண் உணர்ச்சியைத் தர, ஒழுங்கு அவ்வுணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கிறது. போடோனியின் நான்கு பண்புகளுள் முதலிரண்டும் இவ்வாறு நிறைவேறுகின்றன.

குறை கண்டோர் கூற்று

அழகுக்குக் காரணமான அந்த முரணே குறைக்கும் காரணமாயிற்று. படிப்போரின் கண் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரித்தறிவதற்கு அதன் இணைப்புக் கோடுகளே பெரிதும் உதவுகின்றன. அக்கோடுகள் மயிரிழையாகும்போது, சிறிய அளவில் அவை கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. எஞ்சுவது தடித்த நெடுங்கோடுகள் மட்டுமே. 'குடித்தல்' என்று பொருள்படும் 'மினும்' என்னும் மலாய்ச் சொல்லை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். உரோமன் சிற்றெழுத்தில் அதன் ஐந்து எழுத்துகளும் நெடுங்கோடுகளாலேயே ஆனவை. கணக்கிட்டால் 11 கோடுகள் வரிசையாக நிற்கும். போடோனி எழுத்தில், சிறிய அளவில், அச்சொல் ஒரு வேலியைப் போல் தோன்றும். ஒரு சொல்லே வேலியானால், ஒரு பக்கம் முழுவதும் அவ்வாறு அமையும்போது கண் கூசுதல் இயல்பே.

இங்கிலாந்தின் கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மாரிஸ் போடோனியின் எழுத்தைக் கடுமையாகப் பழித்தார். 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கிய அவர், பதினைந்தாம் நூற்றாண்டு வெனிசின் எழுத்துகளையே தமக்கு வழிகாட்டியாகக் கொண்டார். மனிதக் கையின் வெம்மை எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. கணக்கின் தண்மை மிக்க போடோனி அவருக்கு எந்திர உலகின் முன்னறிவிப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை.

மற்றொரு குறையும் எண்ணத்தக்கது. போடோனி அரசர்க்கும் பிரபுக்களுக்கும் பதித்தவர். அவருடைய நூல்கள் அளவில் பெரியன, விலையில் உயர்ந்தன, ஓரங்களில் அகன்ற வெண்ணிலம் உடையன. கற்பதற்கு என்பதைவிடக் காண்பதற்கே அவை அமைந்தன என்று கூறுவதில் உண்மை உண்டு. அவற்றின் பாடத்தில் பிழைகள் மலிந்துள்ளன என்று அவர் காலத்திலேயே குறைகூறப்பட்டது. மூலபாடத்தின் தூய்மையைப் போற்றும் தமிழாசிரியர்களுக்கு இக்குறையின் கனம் நன்கு விளங்கும். எழுத்தின் உருவில் பழுது காணாத கண், சொல்லின் பழுதைக் காணத் தவறுமாயின், அழகு அறிவுக்குத் திரையாகிவிட்டது என்றே பொருள்.

பிழை யாருடையது?

ஆயினும், படிப்பதற்கு அரியது என்னும் பழி முழுவதையும் போடோனியின் தலையில் சுமத்துதல் நடுவுநிலை ஆகாது. ஈய அச்சுக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனித்தனியே செதுக்க வேண்டும். எஃகுத் தண்டின் நுனியில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அறைந்து குழியாக்கி, அக்குழியில் ஈயக் கலவையை வார்ப்பது அக்கால முறை. சிறிய அளவுக்குச் செதுக்கும்போது கலைஞர் மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிப்பாக்குவார், எழுத்தின் அகலத்தைக் கூட்டுவார், இடைவெளியை நெகிழ்த்துவார். பெரிய அளவில் மட்டுமே மயிரிழையை முழுதும் மெலியவிடுவார். போடோனியும் இவ்வாறே செய்தார். அளவில் நூலிழை வேறுபாடே உடைய பல எழுத்து வரிசைகளை அவர் செதுக்கி வைத்ததன் கருத்து இதுவே. அவர் கையால் ஆன கருவிகள் பார்மாவில் 1963இல் நிறுவப்பட்ட போடோனி அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

இந்நுட்பம் பின்வந்த காலத்தில் மங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனின் விளம்பரத் தாள்களுக்காகத் தடித்த கோட்டை மேலும் தடிப்பாக்கி, கொழுத்த எழுத்து என்னும் ஒருவகையை உருவாக்கினர். போடோனியின் அடக்கம் அங்கே காணாமற்போயிற்று. 1885இல் லின் பாய்ட் பென்டன் அமெரிக்காவில் அமைத்த செதுக்கு எந்திரம், ஒரே வரைபடத்திலிருந்து பல அளவுகளைப் பெறும் வழியைத் திறந்தது. அவருடைய மகன் மாரிஸ் புல்லர் பென்டன் 1909ஆம் ஆண்டையொட்டிப் போடோனியை அமெரிக்க அச்சுலகுக்கு மீட்டுத் தந்தார். அது உறுதியும் பயனும் மிக்க எழுத்து. ஆனால் மூலத்தைவிட எந்திரத்தன்மை மிகுந்தது. 1926இல் செருமானியரான ஐன்ரிக் யோஸ்ட் உருவாக்கிய பௌவர் போடோனி மூலத்தின் நயத்துக்கு மேலும் அணுகியது. ஈயம் மறைந்து ஒளியச்சுக்கோப்பு வந்தபோது, ஒரே படத்தைப் பெருக்கியும் சுருக்கியும் எல்லா அளவுகளுக்கும் பயன்படுத்துதல் பெருவழக்காயிற்று. தலைப்புக்கென வரைந்த எழுத்தைச் சுருக்கி உரைநடைக்கு இட்டால் மயிரிழை மறையாமல் என் செய்யும்? யானைக்குத் தைத்த அம்பாரியைப் பூனையின் முதுகில் ஏற்றிவிட்டு, அம்பாரியைப் பழிப்பதற்கு ஒப்பானது இது.

இக்குறையை உணர்ந்தோர் பின்னர்த் திருத்தமும் செய்தனர். 1994இல் வெளிவந்த ஐ.டி.சி. போடோனியை உருவாக்கியோர் பார்மாவுக்கே சென்று மூலக் கருவிகளை ஆராய்ந்தனர். 6, 12, 72 பாயிண்டு என்னும் மூன்று அளவுகளுக்கு மூன்று தனி வடிவங்களைத் தந்தனர். சிறிய வடிவத்தில் கோடுகள் உறுதியாகவும், பெரிய வடிவத்தில் மெலிந்தும் இருப்பதைக் காணலாம். மூல எழுத்தின் செரிப் முற்றிலும் தட்டையன்று, நுண்ணிய வளைவுடையது என்பதும் அவ்வடிவங்களில் தெரிகிறது. கவிஞரின் மூலச்சுவடியைக் கண்டபின் பதிப்பாசிரியர் பாடத்தைத் திருத்துவதைப் போன்ற பணி இது.

ஏற்ற இடமும் ஏலா இடமும்

பொருந்தும் இடம் அறிந்து பயன்படுத்துவோருக்குப் போடோனி ஒப்பற்ற துணை. நூலின் முகப்பு, கட்டுரையின் தலைப்பு, இசை நிகழ்ச்சியின் சுவரொட்டி, திருமண அழைப்பு, பட்டமளிப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் அது பெருமிதம் தருகிறது. சொற்கள் சிலவாக இருத்தல் வேண்டும். அளவு பெரிதாக இருத்தல் வேண்டும். சுற்றிலும் வெண்ணிலம் தாராளமாக இருத்தல் வேண்டும். ஹார்ப்பர்ஸ் பஜார் என்னும் அமெரிக்க இதழின் கலைப் பொறுப்பை 1934 முதல் 1958 வரை ஏற்றிருந்த அலெக்சி பிரோடோவிச் இம்மூன்றையும் நன்கு உணர்ந்தவர். அவர் ஏடுகளில் இவ்வினத்து எழுத்தும் வெற்றிடமும் ஒளிப்படமும் ஒன்றையொன்று உயர்த்தி நிற்கும். வோக் இதழின் முகப்புப் பெயரும் தீதோ வகையைச் சார்ந்ததே. ஆடையணி உலகம் இவ்வினத்தைத் தனதாக்கிக் கொண்டதற்கு இவ்விதழ்களே பெருங்காரணம்.

ஏலாத இடங்களும் பல. சாலைப் பலகையில் இதனைப் பொறித்தால் தொலைவிலிருந்து பார்ப்போருக்கு மெல்லிய கோடுகள் மறைந்துபோகும். மையை உறிஞ்சும் செய்தித்தாளில் மயிரிழை ஊறித் தடிக்கும் அல்லது அறுந்துபோகும். கருநிலத்தில் வெள்ளெழுத்தாகச் சிறிய அளவில் பதித்தால் கருமை பரந்து மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். தெளிவு குறைந்த கணினித் திரையிலும் இதே இடர் நேரும். நுண்புள்ளி மிக்க இன்றைய திரைகளில் அது ஓரளவு நீங்கியுள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவருக்கான பாடநூலில் இதற்கு இடமில்லை. எழுத்தின் உருவத்தை இப்போதுதான் மனத்தில் பதித்துக்கொள்ளும் குழந்தைக்கு, உருவத்தில் பாதியை மறைத்துக் காட்டுதல் முறையாகாது. நெடிய உரைநடைக்கு இதனைக் கையாள விரும்புவோர், சிற்றளவுக்கென வரையப்பட்ட வடிவத்தைத் தேர்ந்து, வரிகளுக்கிடையே மிகுந்த இடம் விட்டு, நல்ல தாளில் பதித்தல் வேண்டும். இல்லையேல், தலைப்பைப் போடோனியிலும் உரையை அமைதியான வேறோர் எழுத்திலும் அமைத்தலே சாலும்.

தமிழெழுத்தை அமைப்போருக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த தமிழெழுத்தின் அழகு கோட்டின் தடிப்பில் இல்லை. சுழியிலும் வளைவிலும் உள்ளது. போடோனியின் முரணை அப்படியே தமிழெழுத்தின் மேல் ஏற்றினால், சுழிகள் மெலிந்து, எழுத்தின் உயிரே ஒடுங்கிவிடும். பிறர் அணிந்த அணி அழகியது என்பதற்காக அளவு பாராமல் அணிதல் அழகாகாது. கற்கத்தக்கது போடோனியின் கோடு அன்று. அவருடைய ஒழுங்கும் தூய்மையும் அளவறிந்த உழைப்புமே.

கட்டியங்காரனும் பணியாளனும்

1930இல் பியாட்ரிஸ் வார்ட் என்னும் அம்மையார் இலண்டனில் ஆற்றிய உரையொன்றில், நல்ல அச்சுக்கலையைத் தெளிந்த கண்ணாடிக் கிண்ணத்துக்கு ஒப்பிட்டார். கிண்ணத்தின் சிறப்பு உள்ளிருக்கும் மதுவைக் காட்டுவதே அன்றித் தன்னைக் காட்டுவதன்று என்பது அவ்வுவமையின் பொருள். உரைநடைக்கு இது முற்றிலும் பொருந்தும். ஆனால் ஏட்டில் உரைநடை மட்டும் இல்லை. தெருக்கூத்தில் அரசன் அரங்கேறும் முன் கட்டியங்காரன் வருகிறான். அவன் குரல் உயர்ந்திருக்க வேண்டும். நடையில் மிடுக்கு இருக்க வேண்டும். கூட்டம் அவனைப் பார்த்தே ஆக வேண்டும். அரசன் வந்ததும் அவன் ஒதுங்கி நிற்கிறான். விடியும்வரை கட்டியங்காரனே பேசிக்கொண்டிருந்தால் கூத்து நடவாது. அவன் வாராமலே அரசன் வந்தாலோ கூத்து சிறவாது.

போடோனி அத்தகைய கட்டியங்காரன். வருகையை முழங்குவதற்குப் பிறந்த எழுத்து அது. பக்கந்தோறும் பணிபுரியப் பிறந்ததன்று. மாரிஸின் பழிப்பு, கட்டியங்காரனைப் பணியாளனாக அமர்த்திய இடத்தில் உண்மையாகிறது. போற்றியோரின் புகழுரை, அவன் தனக்குரிய மேடையில் நின்ற இடத்தில் உண்மையாகிறது. ஆகவே, இரு தீர்ப்புகளும் முரண்பட்டவை அல்ல; இடம் வேறாதலால் வேறாயின.

போடோனி வகுத்த நான்காவது பண்பாகிய நயம் எங்கே உள்ளது என்னும் வினாவுக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. அது எழுத்தில் மட்டும் இல்லை. எழுத்தை எங்கே இடுவது, எங்கே இடாது விடுவது என்று அறிந்த மனத்திலும் உள்ளது. சொல்லைத் தேர்ந்து இடுதல் புலவர்க்கு அழகு. எழுத்தைத் தேர்ந்து இடுதல் பதிப்போர்க்கு அழகு. பள்ளி ஆண்டுமலரின் முகப்புக்கோ மாணவர் கவிதைத் தொகுதிக்கோ எழுத்தைத் தேரும் ஆசிரியரும் அவ்வழகுக்கு உரியவரே. எழுத்தின் எழிலை மட்டும் பாராமல், அதனைப் படிக்கப்போகும் கண்ணையும் நினைத்துத் தேர்ந்தால், பார்மாவின் கலைஞர் விட்டுச்சென்ற செல்வம் உரிய கைகளை அடைந்ததாகும்.